கிளாஸில் வந்த கூலி

காலை பத்தரை மணிக்கு பாரின் ஷட்டர் பாதிதான் ஏறியிருந்தது. உள்ளே கிளமான் ஈரத்துணியோடு பதினான்கு மேசைகளையும் துடைத்துக்கொண்டிருந்தான். முந்தின நாளின் மிக்சரும் எலுமிச்சைத் தோலும் பிராந்தி வட்டங்களும் அவன் கைக்குப் பயந்து ஓடின. இருபத்துமூன்று வருட சர்வர். ஒரே தட்டில் பதினெட்டு கிளாஸ் தூக்குவான். அவனைக் கேட்டால் முப்பது என்பான். இன்னும் கொஞ்சம் காது கொடுத்தால் தட்டின் ஓரத்தில் இரண்டு பேர் உட்கார்ந்திருந்ததாகவும் சொல்வான்.

இருபது நாள் கழித்து இன்றைக்குத்தான் வேலைக்குத் திரும்பியிருந்தான்.

"ஒடம்பு தேவலாமா?" என்று கல்லாவிலிருந்து முதலாளி இராமதாஸ் கேட்டார். பதிலுக்குக் காத்திருக்கவில்லை. "பதினோரு மணிக்கு நம்ம பெரிய வாடிக்கை முசியே ஃபெர்னான் வருவாரு. ஊத்திக் குடுத்தா வாங்கிக் குடி. அவரு கோச்சுக்கிட்டு எழுந்து போனாருன்னா, பின்னாடியே நீயும் போயிடு."

அந்த பாரில் டிப்ஸ் என்றால் காசு அல்ல. வாடிக்கையாளர் தன் பாட்டிலிலிருந்து சர்வருக்கு இரண்டு விரல் அளவு ஊற்றுவார். சர்வர் நின்றபடியே ஒரே மடக்கில் குடித்துவிட்டு கிளாஸைக் கவிழ்த்துவைக்க வேண்டும். வேண்டாம் என்பது அவமரியாதை. 'மேல்வரும்படி இருக்கே' என்று இராமதாஸும் சம்பளத்தை ஏற்றாமலே காலத்தை ஓட்டினார். கிளமானுக்குள் போன மேல்வரும்படியைத் திருப்பி ஊற்றினால் ஊர் நடுவே ஓடும் பெரிய வாய்க்கால் கரைபுரண்டு பாதி ஊரை அடித்துக்கொண்டு போயிருக்கும்.

இரண்டு வருடமாக இன்னொன்றும் சேர்ந்துகொண்டது. சாவு இல்லை, சண்டை இல்லை, காரணமே இல்லை. மனசின்மேல் யாரோ நனைந்த சாக்கைப் போட்டுவிட்டதுபோல் இருந்தது. ஐஸ் பெட்டியைத் திறப்பான். எதற்குத் திறந்தோம் என்று தெரியாமல் ஐஸ் உருகும்வரை நிற்பான். உப்பளத்து வீட்டில் மனைவி ஜோசெத் மீன் பொரித்தால் தெருவுக்கே வாசனை தெரியும், அவனுக்கு மட்டும் தெரியாது. அவள்தான் ஆஸ்பத்திரிக்கு இழுத்துக்கொண்டு போனாள். மிளகளவு வெள்ளை மாத்திரை, தினம் ஒன்று.

"மாத்திரையும் குடியும் சேரக்கூடாது" என்றார் டாக்டர் ஃபாத்திமா.

கிளமான் சேர்க்கவே இல்லை. குடித்த நாளெல்லாம் மாத்திரையை நிறுத்திவிட்டான். அவன் குடிக்காத நாள் வார விடுமுறையான திங்கட்கிழமை மட்டும்தான். வாரத்துக்கு ஒரு மாத்திரை. எட்டு மாதம் இப்படி நடந்தது. நோய் ஓடவில்லை, காலை நீட்டிப் படுத்துக்கொண்டது.

தலையணை உறைக்குள் கிடைத்த மாத்திரை அட்டைகளை ஜோசெத் டாக்டரின் மேசையில் கொட்டினாள். சின்ன மருந்துக்கடையே வைக்கலாம்.

"இதையெல்லாம் ஏன் போடல?"

"தண்ணி போட்ட அன்னிக்கு எப்படி மேடம் போடறது? நீங்கதான சேரக்கூடாதுன்னு சொன்னீங்க? சொன்ன பேச்சக் கேட்டேன்."

டாக்டர் சிரித்துவிட்டார். பிறகு கண்ணாடியைக் கழற்றினார். "நான் விடச் சொன்னது குடிய. நீங்க விட்டது மாத்திரைய. குடி உங்க மனச இன்னும் கீழதான் இழுக்கும். இத்தன வருஷமா குடிச்சவரு வீட்ல வெச்சு திடீர்னு நிறுத்தறதும் ஆபத்து. இங்க வந்து படுங்க."

படுத்தான். வேர்த்தது, கட்டில் ஆடும் அளவுக்கு நடுங்கியது. மூன்றாம் நாள் வார்டு சுவரில் முசியே தோன்றி, 'இன்னாப்பா, கிளாஸு காலியா இருக்கு?' என்று விசாரித்தார். எட்டாம் நாள் வீட்டுக்கு வந்தான். மாத்திரை ஒருநாளும் தவறவில்லை. பத்தொன்பதாம் நாள் ஜோசெத் சங்கரா பொரித்தபோது வாசனை மூக்கில் ஏறியது. நான்கு மீன் தின்றான். தெருவில் பதினொன்று என்றான். ஜோசெத்தும் மறுக்கவில்லை, முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு அடுப்படிக்குள் போனாள்.

பதினோரு மணிக்கு முசியே ஃபெர்னான் வந்தார். பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்தவர், அதனால் ஊரே மரியாதையாக 'முசியே' என்றுதான் கூப்பிடும். பென்ஷன் அங்கிருந்து வரும். அவர் வந்தால் பின்னால் ஐந்து நண்பர்களும் வருவார்கள். பாட்டிலைத் திறந்தார், தனக்கு ஊற்றினார், கிளமானுக்கும் ஊற்றினார்.

"சாந்தே!" என்று தன் கிளாஸை உயர்த்தினார்.

கிளமான் கிளாஸைத் தொடவில்லை. இராமதாஸ் கல்லாவிலிருந்து எழுந்து நின்றார்.

"வேணாங்க முசியே. மாத்திரை போடறேன்."

"இன்னாத்துக்கு? சுகரா?"

சுகர் என்று சொல்லித் தப்பியிருக்கலாம். சுகருக்கு அந்த பாரில் நல்ல மரியாதை.

"மனசுக்கு."

பக்கத்து மேசையிலிருந்த ஆட்டோக்காரர் ஹரிகிருஷ்ணன்தான் முதலில் வாயைத் திறந்தார். "போச்சுடா! ஊத்திக் குடுக்கறவனுக்கே பைத்தியம்னா, குடிக்கிற நாங்கல்லாம் எங்கடா போறது?"

"எங்க போறதா? பொதன்கெழம என்கூட ஆஸ்பத்திரிக்கு வாங்கண்ணே, சீட்டு எடுத்துத் தரேன். கடையில பாதிப் பேருக்கு எடுக்கணும் போல, பேசாம ஒரு வேன் வெச்சிடலாம்" என்றான் கிளமான்.

பார் அதிர்ந்தது. அந்தச் சிரிப்பில் மாடியில் உட்கார்ந்திருந்த காக்கைகள் காலாப்பட்டு வரைக்கும் பறந்துபோய், ஒரு டீ குடிக்கும் நேரம் இருந்துவிட்டுத் திரும்பின. சத்தம் அடங்கியதும் ஹரிகிருஷ்ணன் குனிந்து, "எத்தினி மணிக்குடா போவணும்?" என்று கேட்டார்.

ஃபெர்னான் சிரிக்கவில்லை. "எங்க ரெஜிமான்ல ஒருத்தன் இருந்தான்" என்றார். "மனசுல இருந்தத யாருகிட்டயும் சொல்லாமலே போயிட்டான்." கிளமானுக்கு ஊற்றியதை ஒரு சொட்டு சிந்தாமல் தன் பாட்டிலுக்கே திருப்பி ஊற்றினார். சட்டைப்பையிலிருந்து ஒரு நூறு ரூபாய்த் தாளை எடுத்துத் தட்டில் வைத்தார்.

இருபத்துமூன்று வருடத்தில் கிளமானுக்குக் கிடைத்த முதல் காய்ந்த டிப்ஸ். சமையல்கட்டுக்குள் போய் அதை நெற்றியில் ஒட்டிக்கொண்டு ஒரு சுற்று ஆடினான். மறுவாரம் மற்ற சர்வர்களும் கிளாஸைத் தள்ளிவிட்டுத் தட்டை நீட்டத் தொடங்கினார்கள்.

தீபாவளிக்கு முந்தின நாள் காலை இராமதாஸ் எல்லோரையும் கூப்பிட்டு போனஸ் கொடுத்தார். எல்லா வருடமும் கொடுப்பதுதான்: ஆளுக்கு ஒரு முழு பாட்டில், செய்தித்தாளில் சுற்றியது.

கிளமான் காகிதத்தைப் பிரித்தான். விலைச்சீட்டு முதலாளியைப் பார்க்கும்படி பாட்டிலைக் கல்லாமேல் வைத்தான்.

"இதக் குடிச்சா நான் மறுபடியும் வார்டுலதான் படுக்கணும் மொதலாளி. காசா குடுங்க."

"ஒனக்கு மட்டும் தனிச் சட்டமா?"

"எனக்குந்தான்" என்று சைடு டிஷ் போடும் எழிலரசன் தன்னுடையதையும் பக்கத்தில் வைத்தான். அவனுக்குப் பின்னால் சர்வர்கள் ஒவ்வொருவராக வைத்தார்கள். பாட்டில்கள் மதில்போல எழும்பின. இடுக்கு வழியாக இராமதாஸின் ஒரு கண்ணும் பாதி மீசையும்தான் தெரிந்தன. கிளமானுக்கு விசிலடிக்கலாம் போல இருந்தது. அடித்தான்.

கடைசியாகப் பின்கட்டிலிருந்து கிளாஸ் கழுவும் சின்னப்பாப்பா வந்தாள். கனகசெட்டிக்குளத்திலிருந்து தினமும் பஸ்ஸில் வருகிறவள். பிறந்ததிலிருந்து ஒரு சொட்டு குடித்ததில்லை. பத்தொன்பது தீபாவளிக்குப் பத்தொன்பது பாட்டில் வாங்கி, பஸ் ஸ்டாண்டில் கேட்ட விலைக்குக் கொடுத்துவிட்டுப் போனவள். இருபதாவதை வரிசையின் ஓரத்தில் வைத்தாள். புடவையில் கையைத் துடைத்து நீட்டினாள்.

சோப்புத் தண்ணீரில் ஊறி வெளுத்துச் சுருங்கிய உள்ளங்கை பாட்டில்களுக்கு மேலாக, இறங்காமல் நின்றது. இராமதாஸ் சாவியைத் தேடிச் சட்டைப்பையைத் தடவினார், இடுப்பைத் தடவினார். சாவி கல்லாப் பூட்டிலேயே தொங்கிக்கொண்டிருந்தது.