பதினோரு வாளித் தக்காளி

நிலவன் மாடிப்படியில் நான்காவது படியில் கால் வைத்தபோது அத்தை மயிலம்மாள் பின்னாலிருந்து சட்டையைப் பிடித்து இழுத்தாள்.

"எங்க சாமி மேல போற?"

"செடிக்குத் தண்ணி ஊத்தோணும்."

"புத்தி கித்தி கலங்கிப் போச்சா? பொண்டாட்டி கூடத்துல கெடக்கறா. தீட்டுக் கையில ஊத்துனா செடி பட்டுப் போயிரும். எறங்கு."

இறங்கினான்.

மாடியில் பதினோரு பெயிண்ட் வாளிகள். எல்லாம் அவன் மனைவி பிரபா வைத்த தக்காளி. சித்திரை வெயிலில் ஒருநாள் தவறினாலே செடி தலை தொங்கிவிடும். காய்ச்சலோடு அவளைச் சேலம் ஆஸ்பத்திரியில் சேர்த்து ஐந்து நாள். நேற்று மாலை, மூக்கில் குழாயோடு, தண்ணீர் ஊற்றினீர்களா என்று கேட்டாள். "காலைலகூட ஊத்துனேன்" என்றான். ஐந்து நாளும் அவன் வீடிருக்கும் ஆட்டையாம்பட்டிப் பக்கமே வரவில்லை. அவள் மேற்கொண்டு கேட்கவில்லை. இரவு எட்டு மணிக்கெல்லாம் உயிர் போய்விட்டது.

தூக்குவதற்குள் ஊற்றிவிட வேண்டும். வேறெதுவும் அவனுக்குத் தோன்றவில்லை.

பக்கத்து வீட்டு சத்யபிரியா வந்தவர்களுக்கு டீ கொடுத்துக்கொண்டிருந்தாள். அவளுக்குத் தீட்டு இல்லை.

"மேல செடிக்கு நீங்க ஊத்தலாமில்லீங்க?"

"ஊத்தலாமுங்ண்ணா. டேங்க்ல சொட்டுத் தண்ணி இல்லீங்களே. வந்தவங்க கைகாலு கழுவியே தீத்துப்போட்டாங்க."

"மோட்டார் போட்டா?"

"கீழ்த்தொட்டியும் காலிங்க. பைப்புல நாளான்னைக்குத்தான் வரும். தோட்டத்துல இருந்து கொண்டாந்தது நாலே குடம். அது குளிப்பாட்டறதுக்குங்க."

பெரியப்பா மகன் வேல்முருகன் குறுக்கே வந்தான். கண்ணீர் அஞ்சலி பிளக்ஸ் அடிக்க வேண்டுமாம்.

"அண்ணி போட்டோ ஒண்ணு குடுண்ணா. பையன் கடையில காத்திருக்கான்."

நிலவன் போனைத் தள்ளிக்கொண்டே போனான். தக்காளி. பூ விட்ட தக்காளி. புழு விழுந்த தக்காளி. ஒன்றில் நான்கு பழங்களை ஏந்திய அவள் கை இருந்தது.

"மூஞ்சி தெரியோணும்ணா."

"தெரியுது."

வேல்முருகன் திரையைப் பார்த்தான். பிறகு, "கல்யாண ஆல்பத்துல எடுத்துக்கறேன்" என்று போனைத் திருப்பிக் கொடுத்தான்.

பதினொரு மணிக்கு பிரபாவின் தம்பி முருகானந்தம் வந்தான். ஆந்திராவில் போர்வெல் போடும் ரிக் வண்டியில் வேலை. இரவெல்லாம் பஸ் மாறி மாறி வந்திருந்தான். பிறந்த வீட்டுக் கோடிச்சேலைக்காகத்தான் அதுவரை காத்திருந்தார்கள். அவன் அதைப் பையிலிருந்து எடுத்துக் கொடுத்துவிட்டு வாசலிலேயே உட்கார்ந்துகொண்டான்.

பெண்கள் பழைய சேலையொன்றை மறைப்பாகப் பிடித்துக்கொண்டு குளிப்பாட்டினார்கள். மூன்று குடங்கள் தீர்ந்தன. நான்காவது அப்படியே இருந்தது. நிலவன் அதைத் தூக்கித் தோளில் வைத்தான்.

"டேய், அது பொணத்துக்கு எடுத்த தண்ணி" என்றாள் மயிலம்மாள். "செடிக்கு ஆவாதுடா."

அவன் திரும்பவில்லை. இந்தமுறை அவளும் சட்டையைப் பிடிக்கவில்லை.

மாடித் தரை காலைச் சுட்டது. இலைகள் சுருண்டு வாளியோரம் ஒட்டிக் கிடந்தன. முதல் வாளியில் ஊற்றினான். தேங்காய் நாரும் மண்ணும் இறுகி, நடுவில் அடைபோல் நின்றது. தண்ணீர் அதன் விளிம்பைச் சுற்றி இறங்கி, அடித்துளை வழியே அப்படியே வெளியேறித் தரையில் ஓடியது. அடுத்த வாளியிலும் அதேதான். அதற்கடுத்ததிலும்.

கீழேயிருந்து யாரோ, "மேல என்னங்க, பந்தல் ஒழுகுது" என்றார். நாற்காலிகள் நகரும் சத்தம் கேட்டது.

குடத்தில் பாதிகூட இல்லை. நிலவன் உட்கார்ந்து ஒரு வாளியை மடியில் சாய்த்துக்கொண்டான். அடித்துளையில் இரண்டு விரல்களை அழுத்தி வைத்து, மறுகையால் குடத்தைச் சரித்துக் கொஞ்சமாக விட்டான். தண்ணீர் மண்ணுக்கு மேல் நின்றது.

"மாமா." முருகானந்தம் படியில் நின்றிருந்தான். "எல்லாரும் நிக்கறாங்க."

"வாரேன்."

தண்ணீர் ஒரு நகக்கண் அளவு இறங்கியிருந்தது. சின்னக் குமிழிகள் வந்துகொண்டிருந்தன. அவன் விரல்களை எடுக்கவில்லை.