ஞாயிறு மட்டும் நிற்காத கணினி

மூன்று பகல், மூன்று இரவு. அவ்வளவு நேரம் அந்த மடிக்கணினி நிற்காமல் ஓட வேண்டும். பத்து வருடக் காற்றின் பதிவுகளை வைத்து, ஏரியில் ஆகாயத்தாமரை எந்தக் கரையில் போய் அடைக்கும் என்று சொல்லும் கணக்கு அது. நடுவில் நின்றால் மறுபடி முதலிலிருந்து. விடை வருவதற்குள், அந்தக் கணக்கை எழுதிய அபோண்டி இறந்துபோனாள். வெள்ளிக்கிழமை காலைக்குள் அட்டவணை வந்தால் பட்டம் பெறுவோர் பட்டியலில் அவள் பெயரும் இருக்கும் என்று அவள் கணவன் ஒயுகியிடம் பேராசிரியர் சொல்லியிருந்தார். மனைவி போன மூன்று மாதத்தில் அவளுக்காகச் செய்ய அவனுக்கு வந்த ஒரே வேலை. செய்தான்.

வெயில் விழாத மூலைக்கு மேசையை நகர்த்தினான். கணினியின் விசிறித் துளையில் அடைந்திருந்த தூசியைப் பெயின்ட் பிரஷால் எடுத்தான். அடியில் காற்று போக நான்கு மூலைக்கும் நான்கு சோடா மூடிகளை வைத்து உயர்த்தினான். மேசை விசிறியைப் பக்கத்தில் திருப்பி வைத்தான். ஞாயிறு காலை ஓட விட்டான்.

சர்ச்சிலிருந்து சாயங்காலம் வந்த அக்கா அகெயோ அதைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றாள். ஏரித் தண்ணீர் ஏறி அவள் வீடு மூழ்கியதிலிருந்து இரண்டு வருடமாக இங்கேதான் இருக்கிறாள்.

"உன்னை மாதிரியேடா. மூச்சு விடுது, பேசமாட்டேங்குது."

"சாப்பாடு இருக்கா?"

"உகாலிக் களி இருக்கு. நேத்து வச்ச ஒமேனா மீன் இருக்கு. சாப்பிடுற ஆள்தான் இல்ல."

திங்கள் காலை கணினியின் அடியில் கை வைத்துப் பார்த்தான். ஆறிய தேநீர்க் கோப்பையின் சூடுதான். பாடம் நடத்தும் பள்ளிக்கூடத்துக்குப் போனான். தேர்வு வாரம் என்பதால் பாதி நாள்தான். ஒரு மணிக்கெல்லாம் திரும்பிவிட்டான்.

மூலையில் மேசை மேல் வெள்ளையாக ஏதோ இருந்தது. அக்கா பின்னிய துணி, ஓரமெல்லாம் பூ. சோபா, டிவி, ரேடியோ, தண்ணீர்ப் பானை என்று வீட்டில் எல்லாவற்றின் மேலும் அவள் பின்னல்தான். கிபுயே சந்தையில் அவள் விற்பதும் அதுதான். கணினி மேல் அதை நாலாக மடித்துப் போர்த்தி, காற்றில் பறக்காமலிருக்க மேசை விசிறியையும் அணைத்திருந்தாள். தூக்கிப் பார்த்தான். திரை கறுத்திருந்தது. அடியில் விரலை வைக்க முடியாத சூடு.

கொல்லையிலிருந்து அகெயோ கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள்.

"அடப்பாவி, கதவுச் சத்தமே கேக்கலையே. கேட்டிருந்தா எடுத்திருப்பேன்."

"எதுக்குப் போர்த்தின?"

"தூசிடா. பல்லி வேற. அது என்ன பாவம் பண்ணுச்சு, அம்மணமா கிடக்க? இந்த வீட்டுல போர்த்தாம திரியறது நீ ஒருத்தன்தான்."

"எப்பவும் போர்த்துவியா?"

"நீங்க ரெண்டு பேரும் வெளிய கிளம்பினதும் போர்த்துவேன். அவ வர்ற சத்தம் கேட்டா எடுத்துடுவேன். வந்ததும் வராததுமா அதுலதானே உக்காருவா."

"தினமுமா?"

"ஞாயித்துக்கிழமை நான் எங்க இருக்கேன்?"

அவன் அலமாரியிலிருந்து அபோண்டியின் நோட்டை எடுத்தான். ஏற்கெனவே பலமுறை படித்ததுதான். திங்கள், பதினொன்று நாற்பதுக்கு நின்றது. புதன், பன்னிரண்டு. வெள்ளி, பதினொன்றரை. ஒரே ஒரு ஞாயிறு, நாள் முழுக்க ஓடியது, பக்கத்தில் கேள்விக்குறி. மறுநாள் மறுபடி நின்றது. ஆஸ்பத்திரிக் கட்டிலில் எழுதிய கடைசி வரி கோணிக்கொண்டு போனது: என் கணக்கில்தான் பிழை, எங்கே என்று தெரியவில்லை.

நோட்டை மூடினான்.

"நான் போர்த்தினதாலயா நின்னுடுச்சு?" அகெயோவின் குரல் இறங்கியிருந்தது.

"பழைய கணினி, அக்கா. சூடு தாங்காது."

"அப்ப அவளுக்கு நின்னது?"

அவன் சோடா மூடிகளைச் சரிசெய்தான். நான்கும் சரியாகத்தான் இருந்தன.

"அது வேற. அவ கணக்குல சின்னத் தப்பு. நான் திருத்திட்டேன்."

"ஐயோ பாவம். அவ்வளவு படிச்சவ. ராவும் பகலும் அதையே கட்டிக்கிட்டு அழுதாளே, அவளுக்குப் போய்த் தெரியாம போச்சா?"

அந்த 'பாவம்' அவன் நெஞ்சில் எங்கோ போய் இடித்தது. மூன்று மாதமாக அங்கே எதுவும் இடித்ததில்லை.

"இல்லக்கா," என்றான். "அவ கணக்கு சரி. ஆரம்பத்துலேருந்தே சரி."

அகெயோ மேசையில் கிடந்த துணியை எடுத்துப் பார்த்தாள். பிறகு நாற்காலியில் உட்கார்ந்தாள்.

கணினி ஆறியதும் மறுபடி தொடங்கினான். மணி இரண்டு. வியாழன் இரண்டு மணிக்கு முடியும், நிற்காவிட்டால்.

செவ்வாயன்று அக்கா சந்தைக்குப் போகவில்லை. அவன் பள்ளியிலிருந்து வந்தபோது மேசையருகே முதுகு நேராக உட்கார்ந்து அட்டையால் விசிறிக்கொண்டிருந்தாள். மேசை விசிறியும் ஓடிக்கொண்டுதான் இருந்தது.

"அதுவே போதும், அக்கா."

"உன் வேலையப் பாரு."

புதனும் அப்படியே. சோபாவில் கிடந்த பின்னல்கள்கூட மடித்து உள்ளே போய்விட்டன.

வியாழன் இரண்டு ஐந்துக்கு அட்டவணை வந்தது. அபோண்டி எழுதிய கணக்கு, ஒரு எழுத்தும் மாற்றாமல். அனுப்பினான். 'கிடைத்தது' என்று பேராசிரியர் ஒரே வார்த்தையில் பதில் போட்டார். கணினியை அணைத்தான். நான்கு நாளாக வீட்டிலிருந்த இரைச்சல் போனதும் ஏரிப் பக்கத்துக் காக்கைச் சத்தம் கேட்டது.

அகெயோ உள்ளே போய் அந்தப் பூ ஓரத் துணியை எடுத்துக்கொண்டு வந்து அறை வாசற்படியிலேயே நின்றாள்.

"இப்பப் போர்த்தலாமாடா?"

அவன் அடியில் கை வைத்துப் பார்த்தான்.

"இன்னும் சூடா இருக்கு. ஆறட்டும்."

இருவரும் உட்கார்ந்து காத்திருந்தார்கள்.