எழுப்புகிற வேலை

கணவனை அவள் மாப் கட்டையால்தான் எழுப்புவாள். அறை வாசலில் நின்றபடி கட்டையை நீட்டி அவன் பாதத்தில் இரண்டு தட்டு. உடனே பின்னால் நகர்ந்துவிட வேண்டும். கண் திறப்பதற்கு முன்பே அவன் கை வீசும். தொட்டு எழுப்பிய காலத்தில் ஒரு கடைவாய்ப் பல்லும் இடது காதில் பாதிக் கேட்கும் திறனும் போயின.

அவனுக்கு இறைச்சிக்கூடத்தில் இரவு வேலை. பகலெல்லாம் தூக்கம். மாலை நாலுக்கு எழுப்ப வேண்டும். பிந்தினாலும் அடி, முந்தினாலும் அடி.

"தூக்கத்துல கை நீளுது அண்ணி. அண்ணன் வேணும்னேவா செய்றாரு?" என்பாள் நாத்தனார். கூடத்து மூலையில் தையல் மிஷினும் இஸ்திரிப் பெட்டியும் வைத்துக்கொண்டு ஊர்த்துணி தைப்பவள்.

"முழிச்ச பிறகும் நீளுதே."

நாத்தனார் நூலைப் பல்லால் கடித்தாள்.

கணவனை எழுப்புகிறவளுக்கு அன்று நாலு மணிக்குத் தேர்வு. மருத்துவமனையில் உதவியாளர் வேலை. தேறினால் அன்றே ஊழியர் விடுதியில் அறை. அந்த அறைக்காகத்தான் ஆறு மாதமாக மார்க்கெட் போவதாகச் சொல்லிவிட்டு ஆங்கில வகுப்புக்குப் போனாள். இரண்டு முறை தோற்றிருந்தாள். மூன்றாவதுதான் கடைசி. தோற்றதும் ஒரே இடத்தில். ஷிப்ட் மாறும்போது நோயாளிகளைப் பற்றி அடுத்து வருபவளிடம் ஆங்கிலத்தில் சொல்ல வேண்டும். யார் தானாக விழித்தார், யாரை எழுப்ப வேண்டியிருந்தது, யார் கட்டிலை விட்டு இறங்கினார். எல்லாம் ஒன்றோடொன்று சிக்கிக்கொள்ளும்.

நாத்தனாரிடம் ஒப்பித்தாள்.

"கண்ணு திறந்தா வேக் அப். கட்டிலை விட்டு இறங்கினா கெட் அப். நடந்து முடிஞ்சதுன்னா வோக் அப், காட் அப். நாம எழுப்பினோம்னா வோக் ஹிம் அப். முழிச்சபடியே கிடந்தா ஹி இஸ் அவேக்."

"'அவேக்கன்'னு வேற ஒண்ணு சொன்னீங்களே?"

"அது புத்தகத்துல வர்றது. வார்டுல சொன்னா சிரிப்பாங்க."

"ஒருத்தரை எழுப்ப இத்தனையா? நமக்கு ஒரு கட்டை போதுது."

இருவரும் சத்தமில்லாமல் சிரித்தார்கள்.

"கிளம்புங்க. நாலுக்கு நான் எழுப்புறேன்."

"உன்னை அடிப்பாரு."

"தங்கச்சியை அடிக்க மாட்டாரு."

அவளுக்கு அதில் நம்பிக்கை இல்லை. தானே எழுப்பிவிட்டுக் கிளம்பலாம் என்று மூன்று மணிக்குக் கட்டையை எடுத்துக்கொண்டு அறை வாசலில் நின்றாள். நாத்தனார் பின்னால் வந்தாள்.

ஒரு தட்டு. இரண்டாவது தட்டில் அவன் கட்டையைப் பிடித்து இழுத்தான். அவள் கட்டில் விளிம்பில் விழுந்தாள். அவன் எழுந்து உட்கார்ந்தான். சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தான். மணி என்ன என்று நன்றாகப் பார்த்தான். பிறகு அடித்தான்.

முதல் அடியில் உதடு கிழிந்தது. அவள் தலைமுடியைக் கையில் சுற்றிக்கொண்டு நெற்றியைக் கட்டில் சட்டத்தில் மோதினான். முழங்காலை முதுகில் வைத்து அழுத்தினான். மறுபடி மோதினான். மூன்றாவது முறை தலையைத் தூக்கியபோது அவன் பிடி விட்டது.

நாத்தனார் இஸ்திரிப் பெட்டியோடு நின்றாள். பெட்டி சூடாக இருந்தது. முடி கருகும் நாற்றம். அவன் கட்டிலுக்கும் சுவருக்கும் நடுவில் சரிந்து கிடந்தான்.

"மணியைப் பார்த்தான்" என்றாள் நாத்தனார். "பார்த்துட்டு அடிச்சான்."

அவன் மூக்கருகே விரலை வைத்தாள். "மூச்சு வருது. நீங்க போங்க."

"எப்படிப் போறது?"

"இந்தப் பரீட்சையை விட்டா வேற வழி இல்லை. வாயைக் கழுவிட்டுப் போங்க அண்ணி."

தேர்வு நடத்தியவள் வயதான நர்ஸ். உதட்டைப் பார்த்தாள். நாலு நோயாளிகளின் குறிப்பு இருந்த தாளைக் கொடுத்தாள்.

அவள் நின்றபடியே சொன்னாள். முதல் கட்டில்காரர் ஐந்துக்கு வோக் அப், ஆறுக்கு காட் அப். இரண்டாவது கட்டில் பெண்ணை மாத்திரைக்காக ஐ வோக் ஹர் அப். மூன்றாமவர் அவேக், ஆனால் எழவில்லை. நாலாமவர் தலையில் அடிபட்டவர். மணிக்கு ஒருமுறை எழுப்பிப் பார்க்க வேண்டும்.

"எழுப்பியும் விழிக்காவிட்டால்?" என்று ஆங்கிலத்தில் கேட்டாள் நர்ஸ்.

"டாக்டரைக் கூப்பிடுவேன்."

"எவ்வளவு நேரம் காத்திருப்பாய்?"

"காத்திருக்க மாட்டேன்."

நர்ஸ் தேறியதாகக் கையெழுத்துப் போட்டு ஒரு தாளை நீட்டினாள். அதை வாங்கிக்கொண்டு அவள் வராந்தாவுக்கு ஓடி வந்து போன் செய்தாள்.

"முழிச்சாரா?"

"கூப்பிட்டா கண்ணைத் திறக்கிறான். உடனே மூடிக்கிறான்."

"ஆம்புலன்ஸுக்குச் சொல்லு. இப்பவே சொல்லு. அவங்க தூக்கிட்டுப் போனதும் நீ இங்க வந்துடு."

"யாரு அடிச்சதுன்னு கேப்பாங்க."

"நான்னு சொல்லு."

"அதெல்லாம் முடியாது. பெட்டி என்னுது."

"சரி. ரெண்டு பேரும் நடந்ததை நடந்தபடி சொல்லுவோம். முதல்ல போன் பண்ணு."

"மிஷினை விட்டுட்டு வரமாட்டேன் அண்ணி."

"தூக்கிட்டு வா."

விடுதி அலுவலகத்தில் தாளை நீட்டினாள். எழுத்தர் சாவியைத் தேடி எடுத்தார்.

"எத்தனை பேர்?"

"ரெண்டு பேர்."

"அறையில ஒரு கட்டில்தாம்மா இருக்கு."

"பரவாயில்லை" என்றாள். "மாத்தி மாத்தித் தூங்கிக்கறோம்."