செவ்வந்தியின் வயலில் இறங்கிய வண்டிகள்

பிரேக் போன முதல் லாரி செவ்வந்தியின் வயலுக்கு வந்தது ஒரு ஐப்பசி மாதம், நடவு முடிந்து பயிர் பச்சை பிடிக்கிற நேரத்தில். கொற்றங்குடியில் மலை கிடையாது. தாராசுரத்திலிருந்து தெற்கே எவ்வளவு தூரம் போனாலும் மேடு என்று சொல்ல வாய்க்கால் கரை ஒன்றுதான் உண்டு. அதன்மேல் சைக்கிளை விட்டால் அதுகூடத் தானாக உருளாது. அப்படிப்பட்ட ஊரில், ரோட்டிலிருந்து நன்றாக உள்ளே தள்ளிக் கிடக்கிற மூன்று மா, அதாவது ஒரு ஏக்கர் நிலத்தில், கேரட் மூட்டை ஏற்றிய பத்துச் சக்கர லாரி ஒன்று சரிவில் இறங்குகிற வேகத்தில் வந்து, நட்ட பயிரைக் கிழித்துக்கொண்டு போய், அச்சு முட்டச் சேற்றில் புதைந்து நின்றது. கூடவே கொஞ்சம் மலைப்பனியும் வந்திருந்தது. அது அன்று முழுக்க அந்த வயலின்மேல் மட்டும் நின்றதால் கொக்குகள் உடம்பைச் சிலிர்த்துக்கொண்டு பக்கத்து வயலுக்கு மாறிக்கொண்டன. தார்ப்பாயின்மேல் ஒரு குரங்கு உட்கார்ந்திருந்தது. அது பிற்பாடு பிள்ளையார் கோயில் அரசமரத்தில் குடியேறியது.

டிரைவர் ரஞ்சித் கதவைத் திறந்து, "அக்கா, இது எந்த எடம்?" என்றான்.

"என் வயலு. மொதல்ல எறங்கு" என்றாள் செவ்வந்தி.

அவன் சொன்ன விவரம் இதுதான். மேற்கே கருங்காட்டு மலைப்பாதையில், ஒன்பதாவது கொண்டை ஊசி வளைவில் ஒரு போர்டு இருக்கிறது: பிரேக் இழந்த வாகனங்கள் இப்பக்கம் திரும்பவும். இப்படிப்பட்ட இடங்களில் ரோட்டை விட்டு ஒரு கிளைப்பாதை மேல்நோக்கி ஏறும், அதில் ஆள் உயரத்துக்குச் சல்லி கொட்டி வைத்திருப்பார்கள், சக்கரம் அதில் புதைந்து வண்டி நின்றுவிடும். அந்த நம்பிக்கையில்தான் அவன் திருப்பினான். சல்லி இல்லை. பாதையே இல்லை. ஒரு கணம் வெறும் காற்று, அடுத்த கணம் செவ்வந்தியின் சேறு.

அதற்குப் பிறகு அந்த வயலுக்கு ஓய்வு கிடைக்கவில்லை. முட்டைக்கோஸ் வந்தது, தேயிலை வந்தது, தைலமரம் வந்தது. மலைத்தேன் ஏற்றிய வேன் ஒன்று வந்து, அந்தச் சாகுபடிப் பட்டம் முழுக்கக் களை எடுக்க ஆள் கிடைக்காமல் தேனீ பறந்தது. வண்டி வருவதற்குக் கொஞ்சம் முன்னால், மலை ஏறும்போது அடைப்பதுபோல ஊரில் எல்லோருக்கும் காது அடைக்கும். பிறகு பிரேக் தீய்கிற நாற்றம் வரும். அடுப்பில் உலை வைத்திருப்பவர்கள் இறக்கி வைத்துவிட்டு, எரிகிற வீட்டில் பிடுங்கினவரை லாபம் என்று சாக்கை எடுத்துக்கொண்டு கேரட் பொறுக்கக் கிளம்புவார்கள். ஒரு டிரைவருக்கும் நகத்தில்கூடக் கீறல் விழவில்லை. செவ்வந்தியின் புருஷன் தமிழ்மாறன், மின்வாரியத்தில் வேலை பார்ப்பவன், இறங்குகிற ஒவ்வொருவனுக்கும் வெந்நீர் போட்டுக் குளிக்கவைத்துச் சோறு போட்டு நம்பரையும் வாங்கி வைத்துக்கொண்டான். தீபாவளிக்கு அவனுக்கு வந்த வாழ்த்துகள் எம்.எல்.ஏவுக்குக்கூட வந்திருக்காது. பயிர் அழிந்ததைப் பற்றி மட்டும் அந்த வீட்டில் ஒரு ஆளுக்குத்தான் கவலை.

அவளுக்கு அந்த நிலம் சும்மா நிலம் இல்லை. அவளுடைய அப்பாவும் அம்மாவும் ஆயுசு முழுக்க அடுத்தவர் வயலில் நட்டு, அடுத்தவர் களத்தில் அடித்து, ஒரு குழி மண்கூடத் தங்கள் பேரில் இல்லாமல் போய்ச் சேர்ந்தவர்கள். குடும்பத்தில் முதல் பட்டா அவள் பேரில் வந்ததுதான். அதனால்தான் அந்தச் சேற்றை அவள் அப்படிப் பக்குவம் செய்தாள். பசுந்தாள் உரத்துக்கு விதைத்த தக்கைப்பூண்டை மடக்கி உழுது, தண்ணீர் கட்டி அழுகவிட்டு, மறுபடி உழுது, பரம்படித்து, கால் வைத்தால் முழங்கால்வரை சத்தமில்லாமல் இறங்குகிற சேறு. பக்கத்து வயல்காரர் காதர் மைதீன் ஒருநாள், "ஒன் சேறு அப்படிக்கா. லாரிக்கே தெரிஞ்சிருக்கு பாரேன்" என்று பாராட்டினார். செவ்வந்திக்கு வந்த கோபத்தில் இரண்டு நாள் அவரோடு பேசவில்லை. ஊருக்கு இளைச்சவன் பிள்ளையார் கோயில் ஆண்டி என்பார்கள். மலைக்கு இளைச்சவள் கொற்றங்குடியில் இருந்தாள்.

நிவாரணம் கேட்டுப் போன இடத்தில், வெள்ளத்துக்கு உண்டு, வறட்சிக்கு உண்டு, எலிக்குக்கூட எழுதிப் பார்க்கலாம், லாரிக்கு வழியில்லை என்றார்கள். சரி, மூலத்திலேயே பார்த்துவிடுவோம் என்று பஸ் மாறி மாறிக் கருங்காட்டு மலைக்கே போனாள். போர்டு பளிச்சென்று இருந்தது. அதற்குப் பின்னால் பாதாளம். சல்லியைக் காண்ட்ராக்டர் எப்போதோ தின்று ஏப்பம் விட்டிருந்தான். அங்கிருந்த இன்ஜினியர் அவளை உட்காரவைத்து, காப்பி வரவழைத்து, மரியாதையாகத்தான் பேசினார்.

"அம்மா, அந்த போர்டு வச்சதுலேருந்து ஒரு உயிர்கூடப் போகல. மாநிலத்துலயே நல்ல பாதைன்னு எங்களுக்குக் கேடயம் குடுத்திருக்காங்க. உயிரே போகாத எடத்துல புதுசா பாதை போடணும்னு நான் எப்படிங்க எழுதுறது?"

"உப்பத் தின்னவன் தண்ணி குடிக்கணும்பாங்க. சல்லியத் தின்னவன் ஒருத்தன், தண்ணி குடிக்கிறது நானா சார்?"

அவர் கேடயத்தைத் துடைத்து மறுபடி அதன் இடத்தில் வைத்தார். திரும்பி வருகிற வழியெல்லாம் அவள் ஜன்னலைப் பார்த்துத் திட்டிக்கொண்டே வந்தாள். பக்கத்து இருக்கைக்காரர் எழுந்து நின்றுகொண்டே பயணம் செய்தார்.

இதற்குள் தமிழ்மாறனின் அண்ணன் சாமிதுரை, மனை வியாபாரம் செய்கிறவர், நிலத்தைப் பிளாட் போடக் கேட்டு வர ஆரம்பித்திருந்தார். விளையாத நிலத்தை எதற்குக் கட்டிக்கொண்டு அழுகிறாய் என்பது அவர் பேச்சு. தப்பு என்று சொல்ல முடியவில்லை. மூன்று வருஷமாகச் சம்பா நெல் வீடு வந்து சேரவில்லை. இந்தப் பட்டமும் நெல் வராவிட்டால் கையெழுத்துப் போட்டுத் தருகிறேன் என்று அவள் வாய் தவறிச் சொல்லிவிட்டாள். அவர் அதை ஊரெல்லாம் சொல்லி உறுதிப்படுத்திக்கொண்டார்.

செவ்வந்தி யோசித்தாள். சேற்றுக்குத்தானே வருகிறான்கள், சேறே இல்லாவிட்டால்? கோடையில்கூடக் காயாமல் கிடந்த வயலுக்கு வடிகால் வெட்டி, கட்டாந்தரையாகக் காயவிட்டு, புழுதி உழவு ஓட்டி, ஆவணியில் நேரடியாக விதைத்தாள். இரண்டு மழைக்குப் பயிர் விரல் உயரம் வந்தது. அதன் பிறகு மழை நின்றுபோனது, மண் இறுகிப் பாளம் விட்டது, அவள் தண்ணீர் கட்டவே இல்லை. காதும் அடைக்கவில்லை. தினமும் காலையில் வரப்பில் நின்று அந்தப் பச்சையைப் பார்த்துவிட்டுத்தான் காப்பி குடித்தாள்.

புரட்டாசிக் கடைசியில் ஒரு நடுப்பகலில் காது அடைத்தது. இந்தத் தடவை மாடுகள் தலையை உதறின, தொட்டில் குழந்தைகள் எல்லாம் ஒன்றாக அழுதன. செவ்வந்தி வரப்பிலேயே நின்றுவிட்டாள். தமிழ்மாறனின் போன் அடித்தது. பேசியது ரஞ்சித்.

"அண்ணே, எனக்கு முன்னாடி பஸ்ஸுண்ணே! பிரேக் இல்லாம போவுது, ஆளுங்க நெறைய. இன்னும் நாலு வளைவு எறங்குனா ஒம்பதாவது, அதுல திரும்பச் சொல்லி ஹாரன் அடிச்சுக்கிட்டே வர்றேன். சேறு இருக்குல்லண்ணே?"

தமிழ்மாறன் பெண்டாட்டியைப் பார்த்தான். அந்த மண்ணில் இறங்குகிற பஸ் நிற்காது. வரப்பைத் தாண்டித் தெருவுக்குள்தான் போகும்.

"என்னை ஏன் பாக்குற?" என்று கத்தினாள் செவ்வந்தி. "இருக்குன்னு சொல்லு. சொல்லித் தொலை!" பிறகு காண்ட்ராக்டரின் ஏழு தலைமுறையையும் பெயர் தெரியாமலே வைதுகொண்டு மடையைத் திறக்க ஓடினாள்.

அன்று தண்ணீர் முறை காதர் மைதீனுடையது. அவர் தன் மடையை அடைத்து வாய்க்கால் முழுவதையும் அவள் பக்கம் திருப்பினார், மோட்டாரையும் போட்டார், இரும்புச் சக்கரம் மாட்டிய டிராக்டரையும் கொண்டுவந்தார். வரப்போடு நின்றுவிட்டார். அந்தப் பக்கத்தில் எவனும் நிற்கிற பயிர்மேல் கால் வைக்கமாட்டான். பாம்பு துரத்தினாலும் வரப்போடுதான் ஓடுவான். "அக்கா, பயிரு..." என்றார். ஊர் ஆட்கள் மண்வெட்டியோடு வரிசையாக வரப்பிலேயே நின்றார்கள்.

செவ்வந்தி செருப்பைக் கழற்றினாள். விரல் உயரப் பயிரின் நடுவே இறங்கி மிதித்துக்கொண்டு நடந்தாள். "என்ன வேடிக்கை? எறங்குங்க!" என்றாள். அதற்குப் பிறகுதான் டிராக்டர் இறங்கியது.

மலையில் நான்கு வளைவு இறங்குகிற நேரம் கொற்றங்குடியில் எப்போதுமே கொஞ்சம் நீளம். எந்தச் சாமானும் டெல்டாவுக்கு வந்துசேரத் தாமதமாவது வழக்கம்தான் என்பதால் யாரும் அதை விசாரிக்கவில்லை. மண் குழைந்து, கால் இறங்கி, டிராக்டர் கரையேறிய சமயத்தில் தீய்ந்த நாற்றம் வந்தது, பின்னாலேயே பஸ் வந்தது. வயல் முழுவதையும் சீவிக்கொண்டு போய், கடைசி வரப்பில் மூக்கை முட்டி நின்றது. கதவு திறந்தது. முழங்கால் சேற்றில் இறங்கிய தேயிலைத் தோட்டத்து அம்மாள் ஒருத்தி கண்டக்டரைப் பிடித்துக்கொண்டாள்.

"ஏம்ப்பா, அடிவாரத்துக்குத்தானே டிக்கெட்டு குடுத்த? இது என்ன ஊரு?"

செவ்வந்தி வரப்பில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதாள். இறங்கியவர்கள் எல்லோரும் அவளைச் சூழ்ந்துகொண்டார்கள். "ஒண்ணும் ஆகலம்மா, எங்களுக்கு ஒண்ணும் ஆகல, அழுவாதீங்க" என்று முதுகைத் தடவினார்கள்.

"ஒங்களுக்காக யாரு அழுதா? என் பயிரு போச்சே!" என்றாள் அவள்.

அவர்கள் திரும்பி வயலைப் பார்த்தார்கள். காதர் மைதீன் போய், தன் நாற்றங்காலில் மிச்சமிருந்த நாற்றைக் கட்டுக்கட்டாகக் கொண்டுவந்து வரப்பில் எறிந்தார். மிச்ச நாற்று இருந்த மற்றவர்களும் எறிந்தார்கள். மாற்று பஸ் வர நேரமாகும் என்று கண்டக்டர் சொல்ல, ஏற்கெனவே சேறாகிவிட்ட தோட்டத்துப் பெண்கள் புடவையைச் செருகிக்கொண்டு நாற்றை எடுத்து இறங்கினார்கள். தேயிலைக் கன்று நடுவதுபோல ஒற்றை ஒற்றையாக, நாலடி இடைவெளி விட்டு, அளந்து நட்டார்கள். செவ்வந்திக்கு அழுகை நின்று ஆத்திரம் வந்தது. மூக்கைத் துடைத்துக்கொண்டு உள்ளே இறங்கி, "அடியேய், இது என்ன எஸ்டேட்டா? மூணு மூணாச் சேத்து, ஒரு சாண் விட்டு வையிங்க!" என்று பிடுங்கி நட்டுக் காட்டினாள். இருட்டுவதற்குள் நடவு முடிந்தது.

மறுநாள் சாமிதுரை மனை வாங்குகிற ஆளோடு வந்தார். வந்தவர், வயலின் ஓரத்தில் நின்ற பஸ்ஸையும் கண்ணாடியில் இன்னும் உருகாமல் இருந்த பனியையும் பார்த்தார். பூஜையறை கட்டுகிற இடத்தில் பஸ் வந்து நின்றால் என்ன செய்வது என்று கேட்டுவிட்டு வந்த காரிலேயே திரும்பினார். அதற்கப்புறம் சாமிதுரை அந்தப் பேச்சை எடுக்கவில்லை.

தை கடைசியில் அந்த நெல் வீடு வந்து சேர்ந்தது. மூன்று மாவுக்கும் உரிய நெல் இல்லை. ஏனென்றால் வயலின் நடுவில், மேல்வரப்பிலிருந்து கீழ்வரப்பு வரை, பஸ் அகலத்துக்கு நடாமல் விடச் சொன்னவளே செவ்வந்திதான். அதில் வருஷம் முழுக்கத் தண்ணீர் கட்டி, தக்கைப்பூண்டு மிதித்து, மற்ற இடத்தைவிட ஒரு உழவு கூடுதலாக ஓட்டுகிறாள். இப்போது வண்டிகள் அதில் வந்து நிற்கின்றன. இறங்குகிறவர்கள் கும்பிட வந்தால், கும்பிடெல்லாம் வேண்டாம், ஓரத்துப் பயிரை மிதிக்காமல் வரப்போடு வாருங்கள் என்று விரட்டுகிறாள்.