கீழே விட்ட இடம்

பட்டறையில் கல்லறைக் கல்லின் மேல் ஒட்டியிருந்த தாளில் தன் கணவன் டெரிக்கின் பெயரை மொய்ரா மூன்றாவது தடவையாகப் பார்த்தாள். கல்லில் வரப்போகும் அதே அளவில் பென்சிலால் வரைந்திருந்தது. குடும்பத்தார் தாளின் மூலையில் கையெழுத்துப் போட்ட பிறகுதான் கல்வெட்டுகிற க்ளைவ் உளியைத் தொடுவார். எழுத்தில் ஒரு குறையும் இல்லை. பெயருக்கும் வருடங்களுக்கும் கீழே பாதிக் கல் வெறுமையாகக் கிடந்தது. அதுதான் அவள் கண்ணை உறுத்தியது.

அந்த இடம் அவளுக்கு. புருஷன் கல்லில் பெண்சாதி பெயருக்கு இடம் விடுவது வழக்கம். அதை யாரும் அவளிடம் கேட்கவில்லை. டெரிக்கின் அக்கா பெரில் போனிலேயே சொல்லி முடித்துவிட்டாள்.

"ஆல்பர்டஸ் எழுத்து வடிவம்தானே கேட்டீங்க?" என்றார் க்ளைவ். "பாருங்க, கால் நடுவுல ஒடுங்கி வந்து முனையில லேசா விரியுது. தனியா ஒட்டவெச்ச வாலெல்லாம் கிடையாது."

"அவகிட்டயா சொல்றீங்க? முப்பது வருஷம் அந்த எழுத்தோட குடித்தனம் பண்ணினவ," என்றாள் பக்கத்தில் நின்ற பெரில்.

உண்மைதான். தென் லண்டனில் அந்த எழுத்தில் தெருப்பெயர்ப் பலகைகள் செய்தவன் டெரிக். தேனிலவுக்குப் போன ஊரில் ஒரு வங்கி வாசலில் அவளை நிற்கவைத்துப் படம் எடுத்தான். படத்தில் வங்கியின் பெயர் முழுதாக விழுந்தது, அவளுக்குப் பாதி முகம்தான். புத்தகக் கடைக்குப் போனால் அட்டையில் அதே எழுத்தைத் தடவிப் பார்த்துவிட்டுத் திருப்பி வைப்பான். "முதல்ல இதை வெண்கலத்துல செஞ்சாங்க, மொய்ரா. சுத்தி இருக்கறதை வெட்டி எடுத்துட்டு எழுத்தை நிக்கவெச்சாங்க," என்று ஒருநாள் சொன்னான். அவள் உருளைக்கிழங்கு வேகவைத்த தண்ணீரை வடித்துக்கொண்டே 'ம்' கொட்டினாள். நல்லவன். அவளைக் கடிந்து ஒரு வார்த்தை சொன்னதில்லை.

"ரெண்டு வருஷமா என் தம்பி மரச்சிலுவையோட கிடக்கான். போடேன் கையெழுத்தை. பேனா கனக்குதா?"

"இந்த இடம் வேண்டாம், பெரில்."

"எந்த இடம்?"

"எனக்கு விட்டது."

டீ போடப் போவதாகச் சொல்லி க்ளைவ் உள்ளே போனார்.

பெரில் தாளைப் பார்த்தாள், பிறகு மொய்ராவை. "யாரு?"

"ஏர்னஸ்ட்னு பேரு. விட்ஸ்டபிள்ல பஸ் ஓட்டுறார். மே மாசம் எங்களுக்குக் கல்யாணம்."

"பஸ்ஸு." பெரில் கையுறையை இழுத்துவிட்டுக்கொண்டாள். "பஸ் நெத்தியில இருக்கிற எழுத்தைப் பார்த்தாலே என் தம்பிக்குக் குமட்டும்."

"தெரியும்."

"அப்ப அவன் தனியாத்தான் கிடக்கணும்."

ரயிலில் வரும்போது மொய்ரா இதற்குப் பல பதில்கள் யோசித்திருந்தாள். நகத்தால் நாடாவைக் கிளப்பித் தாளைக் கல்லிலிருந்து பிரித்தாள். மெதுவாகக் கீழே இறக்கினாள். பெயர் கல்லின் நடுவுக்கு வந்தது. மேலே கொஞ்சம் கல், கீழே கொஞ்சம் கல், இனி இன்னொரு பெயருக்கு இடமில்லை. முற்றத்துக் கதவு வழியாகக் காற்று வந்து தாளின் அடி மூலையைத் தூக்கியது. அவளுடைய இரண்டு கைகளும் மேல் மூலைகளைப் பிடித்திருந்தன.

பெரில் உடனே அசையவில்லை. பிறகு வந்து, மொய்ராவின் முகத்தைப் பார்க்காமல், அந்த மூலையில் உள்ளங்கையை வைத்து அழுத்தினாள். தலையைச் சாய்த்து ஒரு கண்ணை மூடித் தம்பியின் பெயரைப் பார்த்தாள்.

"இடது பக்கம் ஏறியிருக்கு," என்றாள். "இறக்கு."