சொந்தம் இல்லை என்பதற்கு ஒரு கையெழுத்து

1

இந்தக் கதையை நான் தேடிப் போகவில்லை. பித்தப்பையை எடுத்துவிட்டு எங்கள் ஊர் மருத்துவமனையில் படுத்திருந்தேன். சலைன் பாட்டிலை மாற்ற வந்த நர்ஸ் ஜனெல், "ரெண்டு வருஷமா முடிவெடுக்க முடியாம கெடக்குறேன். மூணுல ஒண்ணுக்கு இந்த வெள்ளிக்கிழமைக்குள்ள சரின்னு சொல்லணும்" என்றாள்.

நான் குடும்பக் காதல் கதைகள் எழுதுபவள். தையல் இழுக்க இழுக்க எழுந்து உட்கார்ந்தேன்.

"மூணு பேரும் எப்படி?"

"மூணும் காலேஜுங்க. படுங்க பேசாம."

வேலையை விடாமல், வீட்டிலிருந்தே இணையத்தில், பகுதி நேரமாகப் படித்து நர்ஸ் ப்ராக்டிஷனர் ஆகவேண்டும் அவளுக்கு. நோயாளியைத் தானே பார்த்து, என்ன நோய் என்று தானே சொல்லி, மருந்தும் எழுதித்தரும் நர்ஸ். அமெரிக்காவில், நெப்ராஸ்கா மாநிலத்தின் இந்த மேற்கு மூலைக்கு டாக்டர் வாரத்தில் இரண்டு நாள்தான் வருகிறார். மற்ற ஐந்து நாளும் ஜனங்கள் தங்கள் நோயைத் தாங்களே முடிவு செய்துகொள்கிறார்கள். ஜனெலுக்கு நாற்பத்து மூன்று வயது. "இந்த தடவையும் விட்டேன்னா இனிமே கேக்கவே மாட்டேன். எனக்கு என்னைத் தெரியும்" என்றாள்.

எழுதிக்கொள்ள அனுமதி கேட்டேன். "எழுதிக்கோங்க. ஒல்லியா எழுதுங்க."

(ஜனெல் ஒல்லியானவள்.)

2

முதலில் எழுதிய தொடக்கம்: "ஜன்னலோரம் நின்று தொலைதூர மலைகளைப் பார்த்தபடி ஜனெல்—"

மலைக்கு எங்கே போவேன்? இங்கே தூரத்தில் தெரிவது தானியக் கிடங்கு ஒன்றுதான்.

அடுத்தது: "'இந்த வயசுல உனக்குப் படிப்பு ஒரு கேடா?' என்று கணவன் கர்ட் கத்த—"

இதுவும் உதவாது. கர்ட் நான்கு வருடத்துக்கு முன்பே விவாகரத்து வாங்கிக்கொண்டு அரிசோனாவுக்குப் போய்விட்டான். தவிர, அவன் கத்துகிறவன் இல்லை. ஒரு பிரச்சினை என்றால் கார் கழுவப் போய்விடுவான். ஊரிலேயே சுத்தமான கார் அவர்களுடையது.

ஆகவே கதை நர்ஸ்கள் சாப்பிடும் அறையில் தொடங்குகிறது. திங்கட்கிழமை மதியம். ஜனெலின் மடிக்கணினியை எட்டிப் பார்த்தபடி ட்ரூடி சூப் குடிக்கிறாள். இருவரும் ஒன்றாக வேலைக்குச் சேர்ந்தவர்கள்.

"எல்லா காலேஜும் ஒரே பொம்பளை படத்தைத்தான் போட்டிருக்கான். சமையலறை மேஜை, லேப்டாப், பக்கத்துல ஒரு தட்டு பழம். யாருடி அவ? பன்னெண்டு மணி நேர ஷிஃப்ட் முடிச்சுட்டு எவ வீட்டுல பழம் இருக்கு?"

"என் வீட்டுல கார்ன்ஃப்ளேக்ஸ் டப்பா இருக்கு."

"சரி, சொல்லு. முதல் காலேஜுக்கு என்ன குறை?"

"நம்ம மாநிலத்து ஆளுங்களைச் சேர்த்துக்க மாட்டானாம்."

"ரெண்டாவது?"

"பாடம் வீட்டுலேருந்து. ஆனா நோயாளிங்களைப் பாத்துப் பழகுற அறுநூத்தைம்பது மணி நேரத்தை அவன் சொல்ற ஊருக்குப் போய் முடிக்கணும். இருநூறு மைல்."

"மூணாவது?"

ஜனெல் திரையை ட்ரூடி பக்கம் திருப்பினாள்.

மூன்றாவதுதான் அவளுக்கென்றே தைத்த சட்டை. ஒரு பருவத்துக்கு ஒரே பாடம், மூன்றரை வருடம், ஷிஃப்ட்டை மாற்ற வேண்டியதில்லை. ஒரே ஒரு நிபந்தனை. பயிற்சிக்குத் தன் பொறுப்பில் எடுத்துக்கொள்ளும் ஒருவரை மாணவியே தேடிப் பிடிக்க வேண்டும். சேரும்போதே அவர் பெயரைக் கொடுக்க வேண்டும்.

டாக்டர் முடியாது என்று சொல்லியாகிவிட்டது. சுற்று வட்டாரத்தில் மிச்சம் இருப்பது ஒரே ஒரு நர்ஸ் ப்ராக்டிஷனர்.

"ராக்ஸி" என்றாள் ட்ரூடி.

"ராக்ஸி" என்றாள் ஜனெல்.

ராக்ஸான் வோண்ட்ரா கர்ட்டின் அக்கா.

3

ராக்ஸியை வில்லியாக்கத்தான் நினைத்தேன். விவாகரத்துக்குப் பிறகு நான்கு வருடமாக ஜனெலுக்கு ஒரு போன்கூடச் செய்யாதவள். குறுக்கே நிற்க ஒரு நாத்தனார் கிடைத்தால் என்னைப் போன்ற எழுத்தாளருக்குப் பாதி வேலை மிச்சம்.

(இங்கே ஒரு தடங்கல். விவாகரத்துக்குப் பிறகு நாத்தனாருக்கு என்ன பெயர்? நம்மிடம் சொல் இல்லை. விசாரித்தேன், அவர்களிடமும் இல்லை.)

ஆனால் வில்லியாக எழுதிய இரண்டு பக்கமும் வறட்சியாக வந்தன. அதற்குள் நடந்ததை ஜனெலே வந்து சொல்லிவிட்டாள். கிழித்துப் போட்டேன்.

4

ஜனெல் போன் செய்யவில்லை. தைரியம் வரவில்லை. பதிலாக, ராக்ஸியின் கிளினிக்கில் 'தோள்பட்டை வலி' என்று சொல்லி செவ்வாய்க்கிழமைக்கு நேரம் வாங்கிக்கொண்டு, முப்பத்தெட்டு மைல் ஓட்டிப் போய், நோயாளிகளுக்கான கட்டிலில் ஏறி உட்கார்ந்தாள்.

ராக்ஸி உள்ளே வந்தாள். ஐம்பது வயது, குட்டை முடி, சிரிக்காத வாய். முகத்தைப் பார்க்காமல் திரையைப் பார்த்தாள்.

"எந்தத் தோள்?"

"...வலது."

"கையத் தூக்கு. இன்னும். வலிக்குதா?"

"லேசா."

"பொய். இப்ப?"

"ராக்ஸி, நான் நர்ஸ் ப்ராக்டிஷனருக்குப் படிக்கப் போறேன். பயிற்சிக்கு என்னைச் சேத்துக்குவியா?"

கை இன்னும் மேலேயே இருந்தது. இறக்கச் சொல்ல ராக்ஸிக்குத் தோன்றவில்லை.

"இதைக் கேக்க அப்பாயின்ட்மென்ட் எதுக்கு? போன் இல்லையா உங்கிட்ட?"

"நீ எடுப்பியோ மாட்டியோன்னு."

"அடிச்சாத்தானே எடுக்குறதுக்கு? நாலு வருஷம்!"

"நீயும் அடிக்கலையே."

"நீ எங்க குடும்பத்து மூஞ்சியையே பாக்கப் பிடிக்காம இருப்பேன்னு நெனச்சேன். எனக்கே கர்ட்டைப் பாக்கப் பிடிக்கல, கூடப் பொறந்தவ நான்." ராக்ஸி சுழல் நாற்காலியை இழுத்து உட்கார்ந்தாள். "கையைக் கீழ போடு. யாராவது பாத்தா நான் உன்னைக் கொள்ளையடிக்கிறேன்னு நெனப்பாங்க."

ஜனெல் சிரித்தாள். பிறகு அழுதாள். (நான் சேர்த்ததல்ல, அவளே சொன்னது.)

"ஒண்ணு சொல்லிடறேன். லேட்டா வந்தா எனக்குப் பிடிக்காது. ஊகத்துல பேசினா இன்னும் பிடிக்காது. அப்புறம், தோள்ல ஒண்ணுமில்ல, முதுகுதான் போயிருக்கு. ஆளுங்களைத் தூக்குறத நிறுத்து."

5

இங்கே கதையை முடித்துவிடலாம் என்றிருந்தேன். கல்லூரி விடவில்லை.

வியாழக்கிழமை காலை அங்கிருந்து ஓர் அம்மாள் ஜனெலை அழைத்தார். "மாணவி பேரும் வோண்ட்ரா, பயிற்சி தர்றவங்க பேரும் வோண்ட்ராவா இருக்கேம்மா? சொந்தக்காரங்ககிட்ட பயிற்சி எடுக்க விதியில இடமில்ல."

பேரை மாற்றாமல் விட்டது ஜனெலின் தப்பு. நர்ஸ் உரிமம், அடையாள அட்டை, வங்கி, வண்டி, எல்லாவற்றிலும் வோண்ட்ரா. இங்கே பாதி நர்ஸ்கள் அப்படித்தான். புருஷனை விடுவது சுலபம், அவன் பெயரை உரிமத்திலிருந்து எடுக்கத்தான் படிவம் படிவமாக நிரப்ப வேண்டும்.

"சொந்தமில்ல மேடம். முன்னாடி இருந்துச்சு."

"அப்போ கோர்ட் தீர்ப்பை அனுப்புங்க. 'எங்களுக்குள்ள எந்த உறவும் இல்ல'ன்னு ரெண்டு பேரும் கையெழுத்துப் போட்டுக் குடுங்க. நாளைக்கு அஞ்சு மணிக்குள்ள."

வெள்ளிக்கிழமை மதியம் ராக்ஸியின் கிளினிக். அவள் சாண்ட்விச் தின்றுகொண்டிருந்தாள். ஜனெல் தாளை நீட்டினாள். ராக்ஸி படித்தாள், பேனாவை எடுத்தாள், கீழே வைத்தாள்.

"பொய்யை எழுதித் தரச் சொல்றாங்க."

"சட்டப்படி பொய் இல்ல."

"சட்டத்தை யாருடி கேட்டா? எங்கம்மா செத்தப்ப அவளுக்குத் தலை சீவிவிட்டது நீ. நான் வெளிய நின்னு சிகரெட் பிடிச்சுக்கிட்டிருந்தேன்."

"ராக்ஸி. அஞ்சு மணிக்குள்ள."

ஜன்னலுக்கு வெளியே மழை பிடித்து—

(இல்லை. ஐந்து வாரமாக அங்கே ஒரு சொட்டு இல்லை. பழக்க தோஷம்.)

ராக்ஸி கையெழுத்துப் போட்டாள். காகிதம் கிழிகிற அளவுக்கு அழுத்தி.

"மூணரை வருஷத்துக்கு நீ யாரோ, நான் யாரோ. சரியா?"

"அப்புறம்?"

"அப்புறம் பாத்துக்கலாம். குடும்பமாக் கூடுற நன்றித் திருநாள் விருந்துக்கு மட்டும் வந்து தொலை. கடையில வாங்கின கேக்கைத் தூக்கிட்டு வந்தா வாசல்லயே நிப்பாட்டிடுவேன்."

நாலு நாற்பதுக்குக் கல்லூரியிலிருந்து ஒரு வரிப் பதில் வந்தது: ஏற்கப்பட்டது. கிளினிக்குக்கு வெளியே காரில் உட்கார்ந்து ஜனெல் அதை நான்கு முறை படித்தாள். இரண்டு வருடமாக மடிக்கணினியில் திறந்தே கிடந்த கல்லூரிப் பக்கங்களை ஒவ்வொன்றாக மூடினாள். பழத்தட்டுப் பெண் கடைசியாகப் போனாள். பிறகு இருக்கையைச் சாய்த்து, பட்டப்பகலில், வாயைத் திறந்துகொண்டு ஒரு மணி நேரம் தூங்கினாள்.

6

பட்டமளிப்பு விழாவை எழுதமாட்டேன். பகுதி நேரப் படிப்பு எழுதுகிறவளின் அவசரத்துக்கு நகராது. இப்போதுதான் இரண்டாவது பாடம். முதலாவதில் நல்ல மதிப்பெண் என்று என்னிடம் மட்டும் சொன்னாள், ஊர் முழுக்க மூன்று நாளில் தெரிந்துவிட்டது. கர்ட் திரும்பி வருவானா என்று கேட்காதீர்கள். வரமாட்டான்.

ஒரே ஒரு காட்சி மட்டும், இன்னும் நடக்காதது. பயிற்சியின் முதல் நாள். கட்டிலில் ஒரு கிழட்டு விவசாயி, சட்டைக் கையை மடித்தபடி. ஒருத்தி நாடி பார்க்கிறாள், மற்றவள் பின்னால் கைகட்டி நின்று அவளைப் பார்க்கிறாள். கிழவர் கண்ணாடியை மூக்கில் ஏற்றி முதலில் ஒருத்தியின் அட்டையைப் படிக்கிறார், பிறகு மற்றவளுடையதை.

"வோண்ட்ரா, வோண்ட்ரா. நீங்க ரெண்டு பேரும் என்ன உறவு?"

இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்கிறார்கள். நான் பேனாவை மூடிவிட்டேன். கிழவருக்கு அவசரமில்லை, அறுவடை முடிந்துவிட்டது. யார் பதில் சொல்வது, என்னவென்று, அதை நீங்கள் சொல்லுங்கள். என்ன சொன்னாலும் கல்லூரிக்குப் போய்ச் சொல்லிவிடாதீர்கள்.