நீல மூடி, வெள்ளை மூடி

உப்பு டப்பாவால் ஒரு குடும்பத்தின் நிம்மதி போகும் என்று யாராவது சொல்லியிருந்தால் சிரித்திருப்பேன்.

என் வீட்டுக்காரர் பஸ் டிரைவர். போன பரிசோதனையில் ரத்த அழுத்தம் நூற்று அறுபது. அடுத்த தடவைக்குள் குறையாவிட்டால் ஸ்டியரிங்கைத் தொட விடமாட்டோம், டிப்போவில் டயர் எண்ணத்தான் போடுவோம் என்று சொல்லிவிட்டார்கள். இருபத்தாறு வருடம் பஸ் ஓட்டிய மனிதர் டயர் எண்ணி உயிரோடு இருப்பாரா?

அந்தச் சமயம் பார்த்துப் பல்கலைக்கழகத்திலிருந்து ஆராய்ச்சி செய்யும் பெண் ஒருத்தி வந்தாள். அழுத்தம் உள்ளவர்கள் வீட்டுக்கெல்லாம் ஆளுக்கொரு டப்பா உப்பு. எங்களுக்கு நீல மூடி. மாடியில் இருக்கும் கொழுந்தனார் வீட்டுக்கு வெள்ளை மூடி. ஒன்றில் கடை உப்பு, இன்னொன்றில் அழுத்தத்தைக் குறைக்குமா என்று பார்க்கிற புது உப்பு. எதில் எது என்று கொண்டுவந்தவளுக்கே தெரியாதாம்! இதென்ன கூத்து என்றேன்.

"தெரிஞ்சா மனசு ஒரு பக்கம் சாஞ்சிடும் அக்கா" என்றாள்.

பதினைந்து நாளுக்கு ஒருமுறை வந்து கையில் பட்டை கட்டி அழுத்தம் பார்ப்பாள். என்ன சாப்பிட்டீர்கள் என்று இவரைப் பொறுமையாகக் கேட்டு எழுதிக்கொள்வாள். கொழுந்தனார் மட்டும் "எல்லாம் வழக்கம்போல" என்று ஒரே வார்த்தையில் அனுப்பிவிடுவார்.

மூன்று மாதத்தில் இவருக்கு நூற்று நாற்பது. மாடியில் கொழுந்தனாருக்குக் குறையவே இல்லை. நீல மூடிதான் மருந்து என்று முடிவு கட்டிவிட்டேன். அதற்குப் பிறகு சோறு இறங்குமா? ஓரகத்தியைப் படியில் பார்த்தாலே குற்ற உணர்ச்சி பிடுங்கித் தின்றது. ஒருநாள் அவள் வேலைக்குப் போனதும் என்னிடமிருந்த சாவியால் மாடியைத் திறந்து, இரண்டு டப்பா உப்பையும் கொட்டிக் கலந்து, பாதிப் பாதி நிரப்பி வைத்தேன்.

அடுத்த முறை பார்த்தால் இவருக்கு நூற்று முப்பத்தாறு. மாடியில் அதேதான். கொடுத்தவருக்குக் குறைகிறது, வாங்கியவருக்குக் குறையவில்லை. மண்டை காய்ந்தது. அந்தப் பெண்ணிடம் உண்மையைக் கொட்டிவிட்டேன்.

அவள் பேனாவைக் கீழே வைத்தாள். "ரெண்டு வீட்டையும் ஆராய்ச்சியில இருந்து எடுத்துடணும் அக்கா."

"எடுத்துக்கோ. எது நல்ல உப்புன்னு மட்டும் சொல்லிட்டுப் போ. திங்கட்கிழமை இவருக்குப் பரிசோதனை."

"சத்தியமா தெரியாதுக்கா. ஒண்ணு ரெண்டு வீட்டை வச்சுச் சொல்ல முடியாதுன்னுதான் நாலாயிரம் வீட்டுக்குக் கொடுத்திருக்கோம்."

இரண்டு டப்பாவையும் எடுத்துக்கொண்டு போய்விட்டாள். திட்டியிருந்தால்கூடத் தேவலை.

பயத்தில் அன்று எதிலும் உப்பே போடவில்லை. இவர் முகம் சுளிக்காமல் சாப்பிட்டார்.

"உப்பில்ல. தெரியலையா?"

"தெரியுது. கடலையையே விட்டாச்சு, இது என்ன?"

டிப்போ வாசலில் விற்கும் உப்புக் கடலை. அதற்காகப் பன்னிரண்டு வருடம் சண்டை போட்டிருக்கிறேன்.

"எப்ப விட்டீங்க?"

"அந்தப் பொண்ணு ரெண்டாவது தடவை வந்தப்ப. என்ன சாப்பிட்டீங்கன்னு மரியாதையா கேட்குது. தினமும் ரெண்டு பொட்டலம்னு சொல்ல வெட்கமா இருந்துச்சு."

நானும்தான் தினமும் கேட்டேன். கத்திக் கேட்டேன். அதுதான் வித்தியாசமோ என்னவோ. குறைத்தது உப்பா, கடலையா, வெட்கமா? எனக்கு ஒன்றும் பிடிபடவில்லை.

திங்கட்கிழமை தேறிவிட்டார். ஸ்டியரிங் அவருக்கே. நான் அழுதுவிட்டேன்.

"அந்தப் பொண்ணு இனிமே வராதா?" என்று கேட்டார்.

"நாமதான் ஆராய்ச்சியிலயே இல்லையே."

சட்டைப் பையிலிருந்து ஒரு கடலைப் பொட்டலத்தை எடுத்து மேஜைமேல் வைத்தார். இன்னும் பிரிக்கவில்லை.

"இல்லாட்டி என்ன? சும்மா வந்து கேட்டுட்டுப் போகச் சொல்லேன்."